வாலிங்ஃபோர்டில் பார்க்க என்னதான் இருக்கிறது?

கேள்வி, 2024 மே 3
ஜூனில் அப்பாவும் அம்மாவும் ரெடிங்குக்கு வருகிறார்கள். வின்ட்சர், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டும் போன தடவையே பார்த்தாயிற்று. அலுவலகத்தில் ஒருவர், தேம்ஸ் கரையில் வாலிங்ஃபோர்ட் என்று ஒரு பழைய சந்தை ஊர் இருக்கிறது, போய் வாருங்கள் என்றார். படங்களைப் பார்த்தேன். கோட்டை என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இரண்டு உடைந்த சுவரும் புல்லும்தான் தெரிகின்றன. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் போல. ஒரு சனிக்கிழமையை இதற்குச் செலவழிக்கலாமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு.

மே 4, காலை
தாராளமாகச் செலவழிக்கலாம். நான் பதினோரு வருஷமாக ரெடிங்கில் இருக்கிறேன். அந்த ஊருக்கு இருபது தடவையாவது போயிருப்பேன். உடைந்த சுவரும் புல்லும்தான் என்று நீங்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஊரின் விஷயமே அந்தப் புல்லில்தான் இருக்கிறது.

கைன்க்ராஃப்ட் என்று ஒரு திடல், ஊரின் மேற்கு ஓரத்தில். சிறுவர்கள் பந்து விளையாடுவார்கள், நாயோடு நடப்பார்கள். அதன் விளிம்பில் நீளமாக ஒரு மேடு ஓடும். முதல் தடவை போனபோது, பூங்காவுக்காகக் கொட்டிய மண் என்றே நினைத்தேன். அது 9-ஆம் நூற்றாண்டின் கோட்டைக் கரை. ஆல்ஃபிரட் அரசர் காலத்தில், ஆற்று வழியாக வந்து கொள்ளையடித்த டேனியர்களைத் தடுக்க எழுப்பியது. மூன்று பக்கம் மண் கரையும் அகழியும், நாலாவது பக்கம் தேம்ஸ். ஆயிரத்து நூறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. என் மகள் மூன்று வயதில் அதன் உச்சியிலிருந்து உருண்டு கீழே வந்தாள். வெட்டிப் போட்ட புல் அவள் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது. எழுந்து திரும்ப ஏறினாள், திரும்ப உருண்டாள். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

மே 4, இரவு
காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். அந்தக் கரை எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லாமல் விட்டது மனதை உறுத்துகிறது.

அந்தக் காலத்து அரண் ஊர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊரையும் காப்பதற்கு எத்தனை ஹைட் (அந்தக் காலத்து நில அளவு) நிலம் ஒதுக்கப்பட்டது என்ற கணக்கு அது. ஒரு ஹைட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். நாலு ஆள் சேர்ந்தால் ஒரு கோல் நீளச் சுவருக்குக் காவல், அதாவது ஐந்து மீட்டர் சொச்சம். வாலிங்ஃபோர்டுக்கு 2400 ஹைட். தலைநகராக இருந்த வின்செஸ்டருக்கும் அதே 2400. கணக்குப் போட்டால் சுமார் 3 கிலோமீட்டர் சுவருக்கு 2400 காவல் ஆட்கள். இன்று சந்தைச் சதுக்கத்தில் நூறு பேர் சேர்ந்தால் கூட்டம் என்று தோன்றும் ஊர் அது!

அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். கரைமேல் ஏறவேண்டிய அவசியமில்லை. கீழே நின்று பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும். ஊர் சமதரை, பெஞ்சுகளும் உண்டு.

மே 5
சனிக்கிழமை என்றீர்கள். முடிந்தால் வெள்ளிக்கு மாற்றுங்கள், சந்தை வெள்ளிக்கிழமைதான். 1155-இல் இரண்டாம் ஹென்றி கொடுத்த உரிமைப் பட்டயம் இந்த ஊருக்கு உண்டு. இங்கிலாந்தின் பழைய பட்டயங்களில் ஒன்று. அது சும்மா கிடைத்ததும் இல்லை. ஹென்றியின் தாய் மட்டில்டாவும் ஸ்டீஃபன் அரசரும் அரியணைக்காக மோதிய அந்த வருஷங்களில் வாலிங்ஃபோர்ட் கோட்டை கடைசிவரை மட்டில்டா பக்கம் நின்றது. 1142 குளிர்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கிய மட்டில்டா, பனி மூடிய இரவில் தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். 1153-இல் சண்டையை முடித்த உடன்பாட்டிலும் இந்த ஊரின் பெயர் இருக்கிறது. அந்த விசுவாசத்துக்குக் கைம்மாறு அந்தப் பட்டயம்.

பெரிய சந்தை என்று நினைத்துப் போகாதீர்கள். காய்கறி, ரொட்டி, பாலாடைக்கட்டி, பூச்செடி. ஆனால் நடுவில் நிற்கும் நகர மன்றத்தைப் பாருங்கள். 1670-இல் கட்டியது. மேலே மன்றம், கீழே கல் தூண்களுக்கு நடுவே திறந்த இடம். மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் அதன் அடியில் ஒதுங்குவார்கள். போன அக்டோபரில் அரை மணி நேரம் அங்கே நின்றேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், ‘எங்கள் அம்மாவும் முட்டைக் கூடையோடு இங்கேதான் ஒதுங்குவார்’ என்றார். தூணில் கை வைத்தால் அந்த உயரத்தில் மட்டும் கல் வழவழவென்று இருக்கும்.

மே 7
பாலத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எத்தனை வளைவு என்று நேற்று ஒரு பதிலில் 17 என்று போட்டுவிட்டேன். தப்பு, 22. பாலத்தின் நீளம் 270 மீட்டர்.

17 எங்கிருந்து வந்தது என்றால், போன வருஷம் நானே கரையில் நடந்து எண்ணியது. பெரும்பாலான வளைவுகள் தரைமேல்தான் நிற்கின்றன. சிலவற்றை மரமும் கரையும் மறைத்துக்கொள்ளும், ஒரு பக்கமாக நடந்தால் எண்ணிக்கை தவறும். இன்னொரு தடவை மகளோடு எண்ணினேன், 19 வந்தது. அவள் 20 என்றாள். யார் சரி என்று கார் வரைக்கும் சண்டை.

சரி, ஆறு அவ்வளவு அகலமில்லையே, பாலம் ஏன் இத்தனை நீளம்? இந்த ஜனவரி வெள்ளத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. தேம்ஸ் கரை தாண்டி, கிழக்குப் பக்கப் புல்வெளி முழுக்கத் தண்ணீர். கோடையில் நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்து உட்கார்ந்த இடத்தில் அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன. தரைமேல் சும்மா நிற்பதாக நான் நினைத்த வளைவுகள் ஒவ்வொன்றிலும் நீர் சுழித்துக்கொண்டு போனது. அந்த வளைவுகள் வெள்ளத்துக்கு விட்ட வழி. அவை மட்டும் இல்லையென்றால் பாலமே அணையாகி, தண்ணீர் ஊருக்குள் ஏறியிருக்கும். எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னால் கட்டியவர்களுக்கு அந்த ஆற்றின் சுபாவம் தெரிந்திருந்தது.

மே 7, இன்னொன்று
நடுவில் ஆற்றின் மேல் இருக்கும் மூன்று வளைவுகள் மற்றவற்றைவிட அகலம். 1809 வெள்ளத்துக்குப் பிறகு மாற்றிக் கட்டியவை. ஆற்றுக்கு வழி விட்ட பாலத்தையும் ஆறு ஒரு முறை உடைத்திருக்கிறது.

மே 10, வெள்ளி
இந்த இழையால் எனக்கே ஆசை வந்து, அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய் வந்தேன். வெயில். கோட்டைப் புல்வெளியில் மஞ்சள் பூ. சந்தையில் ஒரு கட்டு அஸ்பாரகஸ் வாங்கினேன். இங்கே மே மாதம்தான் அதற்குப் பருவம். கடைக்காரம்மா, ‘இன்றே சாப்பிடுங்கள், நாளைக்கு இனிப்பு போய்விடும்’ என்று இரண்டு தடவை சொன்னார். வாணலியில் கடுகும் வரமிளகாயும் தாளித்து வதக்கினோம், அருமை.

கோட்டையைப் பற்றி இதுவரை யாரும் சரியாகக் கேட்கவில்லை. 1646-இல் உள்நாட்டுப் போரின்போது அரசர் கட்சிக்காகக் கடைசிவரை தாங்கிய கோட்டைகளில் இதுவும் ஒன்று. பாலத்தின் நாலு வளைவுகளை இடித்துத் தூக்குபாலம் போட்டது அந்த முற்றுகையின்போதுதான். இது மறுபடி எதிரிக்குக் கோட்டையாகிவிடக் கூடாது என்று 1652-இல் இடித்தார்கள். அதனால்தான் உங்கள் படத்தில் இரண்டு சுவர் மட்டும்! ஆனால் கற்களைத்தான் எடுத்துப் போனார்கள். பள்ளமும் மேடும் அப்படியே இருக்கின்றன. உள்ளே இறங்கி நடந்தால், எது அகழி, எது உள்வாசல் என்று கால் சொல்லிவிடும். அப்பாவை மேலே பாதையோடு நிறுத்திவிடுங்கள், சரிவு செங்குத்து.

மே 12
‘துப்பறியும் கதை எழுதிய அம்மா இருந்த ஊர்தானே, அதைச் சொல்லவே இல்லையே’ என்று ஒருவர். ஆமாம். அகதா கிறிஸ்டி 1934-இல் இங்கே வின்டர்புரூக்கில் வீடு வாங்கினார். 1976-இல் இறந்ததும் அங்கேதான். கல்லறை பக்கத்து ஊரான சோல்சியின் தேவாலயத்தில். கைன்க்ராஃப்ட் ஓரத்தில் போன வருஷம் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. பக்கத்தில் நாமும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும்.

எனக்கு மனசு போவது வேறோர் ஆளிடம். ரிச்சர்ட் என்று ஒரு பையன், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர்க் கொல்லருக்குப் பிறந்தவன். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஊரின் துறவி மடத்துத் தலைவர் எடுத்து வளர்த்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்க அனுப்பினார். பின்னாளில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்கே தலைவராகி, சூரிய சந்திர ஓட்டத்தையும் காட்டும் இயந்திரக் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தார். தொழுநோய் வந்த பிறகும் வேலையை விடவில்லை. 1336-இல் இறந்தார். பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பையன் பற்சக்கரங்களால் வானத்தை அளந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. அவரை வளர்த்த மடம் இருந்த இடம் புல்க்ராஃப்ட். இப்போது அதுவும் புல்தான்! டென்னிஸ் ஆடுகிறார்கள்.

மே 12, இரவு
இன்னொரு விஷயம். உங்களில் வக்கீல் யாராவது இருந்தால் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குப் போங்கள். இந்தியாவிலும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அடிபடும் பெயர் பிளாக்ஸ்டோன். அவர் அடக்கமானது அங்கேதான். ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் அந்தத் தேவாலயத்தின் கோபுரம் ஊடே வானம் தெரியும். கல்லில் பின்னிய மாதிரி இருக்கும்.

மே 14
போக்குவரத்து. ரெடிங்கிலிருந்து நேராகப் பேருந்து இருக்கிறது, அதுவே நல்லது. ரயில் என்றால் சோல்சியில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஊருக்குச் சுமார் 4 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறங்கியதும் பேருந்து கிடைக்கும் என்று நம்பிப் போனோம். கிடைக்கவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து முழுத் தூரமும் நடந்தோம். மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை. உங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம்.

1866-இல் போட்ட கிளைப்பாதை ஒன்று சோல்சியிலிருந்து வாலிங்ஃபோர்டுக்கு உண்டு. ஊரார் அந்த ரயிலைப் ‘பங்க்’ என்பார்கள். 1959-இல் பயணிகள் சேவையை நிறுத்தினார்கள். இப்போது ஆர்வலர்கள் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஓட்டுகிறார்கள். நாள் பார்த்துக்கொண்டு போங்கள்.

சாப்பாடு கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது. ஒரு கடையில் மதியம் இரண்டே காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து நாங்கள் புளிசாதம்தான், பாலத்தடிப் புல்வெளியில்.

மே 18
நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். அப்பா குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் என்று முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இந்த இழையை வேறு மாதிரி தொடங்கியிருப்பேன்.

ஊரிலிருந்து காரில் பத்து கிலோமீட்டர் சொச்சம், மலைமேல் ஸ்டோக் ரோ என்ற கிராமம். அங்கே காசி மகாராஜா வெட்டிக் கொடுத்த கிணறு இருக்கிறது. மேலே சிறு குவிமாடம், அடியில் வார்ப்பிரும்பு எந்திரம், அதன்மேல் பொன் வண்ண யானை. ஆழம் 368 அடி. அகலம் 4 அடிதான். 1863-இல் தொடங்கி 1864-இல் திறந்தார்கள். முழுக்க ஆட்களே தோண்டியது.

2019-இல் என் அப்பா வந்தபோது அங்கே கூட்டிப்போனேன். அவர் விவசாயி, வாழ்நாளில் மூன்று கிணறு வெட்டியவர். யானையையோ குவிமாடத்தையோ அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் விரித்து, நாலடி எவ்வளவு என்று அளந்து பார்த்தார். ‘இதில் ஓர் ஆள்தான் நிற்க முடியும். கடப்பாரையை ஓங்கக்கூட இடமில்லை. குத்திக் குத்தித்தான் போயிருப்பான்’ என்றார். அப்புறம், ‘மேலே பார்த்தால் வானம் காசளவுதான் தெரிந்திருக்கும்’ என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நானும் எதுவும் பேசவில்லை.

மே 19
ஏன் அவ்வளவு ஆழம்? ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது? சில்டர்ன் மலை சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் வாலிங்ஃபோர்டுக்கு வெள்ளமே தொல்லை, மேலே இருப்பவர்களுக்குக் கோடையில் குளமும் குட்டையும் வற்றிவிடும்.

அந்தப் பக்கம் இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். 1831-இல் அஸம்கரில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்டியிருந்தார். தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தை மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்த கதையும் அதில் உண்டு. அவர் ஊர் திரும்பிய பிறகு, மகாராஜா அதை நினைவில் வைத்திருந்து பணம் கொடுத்தார். தண்ணீர் எல்லாருக்கும் இலவசம். செலவுக்குச் செர்ரித் தோப்பும் வைத்துக் கொடுத்தார்கள், பெயர் ஈஸ்வரி பாக்.

நீர் இறைக்கும் எந்திரத்தை வார்த்துக் கொடுத்தது வாலிங்ஃபோர்டில் இருந்த வைல்டர் வார்ப்படச் சாலை. கொல்லர் மகன் ரிச்சர்ட் பிறந்த அதே ஊர். இதை எழுதும்போதுதான் அந்தத் தொடர்பு எனக்கே பட்டது.

மே 21
ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: 1860-61-இல், காசியும் அடங்கிய அன்றைய இந்திய வடமேற்கு மாகாணங்களிலேயே பஞ்சம். அப்போது இங்கிலாந்துக் கிராமத்துக்குக் கிணறு தேவையா, அது யார் பணம் என்று.

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். பஞ்சம் வாட்டியது டெல்லி, ஆக்ரா பக்கம், காசி தள்ளி இருக்கிறது என்று பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். அது பதிலாகாது. மகாராஜாவின் பணம் குடியானவன் கட்டிய வரிதான், அதில் சந்தேகமில்லை. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயரின் நல்லெண்ணம் எந்த மன்னருக்கும் தேவைப்பட்டது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், தாகத்துக்கு அடி வாங்கிய ஒரு பையனின் கதை காசியில் ஒருவர் மனதில் தங்கி, இங்கே பாறையைத் துளைத்துத் தண்ணீராக வந்தது என்பதையும் என்னால் தள்ள முடியவில்லை. மே 18 குறிப்பில் நான் மகாராஜாவை மட்டும் சொன்னேன். பணம் கொடுத்த குடியானவர்களையும் அடியில் நின்று தோண்டியவர்களையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 23
போய் வந்தீர்கள் என்று படித்தேன், ரொம்ப சந்தோஷம். அப்பா யானையைத் தவிர்த்துவிட்டுப் பற்சக்கரத்தை இருபது நிமிஷம் பார்த்தாராமே! பாலத்தில் அவர் எண்ணியது 21 என்கிறீர்கள். நாங்கள் எல்லாரும் எண்ணியதில் அதுதான் 22-க்குக் கிட்டத்தில்.

இரவு ஒன்பது மணிக்கு அடித்த மணி எதற்கு என்று அம்மா கேட்டாராம். ஊரடங்கு மணி அது. விளக்கையும் அடுப்பையும் அணைக்கச் சொல்லி நார்மன் காலத்தில் மற்ற ஊர்களில் எட்டுக்கு அடிப்பார்கள். 1066-இல் வில்லியம் படையோடு தேம்ஸைக் கடந்தது இங்கேதான், ஊர் அவருக்கு வழி விட்டது, அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார் என்று ஊரார் சொல்வார்கள். வாய்வழிக் கதைதான், ஆனால் அந்த ஒன்பது மணியை அவர்கள் விடவில்லை. ஜூனில் அந்த நேரத்துக்கு வெளிச்சம் இன்னும் இருக்கும், அதனால் அம்மாவுக்குச் சாயங்கால மணி மாதிரி கேட்டிருக்கும்.

செயின்ட் பீட்டர்ஸ் பூட்டியிருந்தது என்றீர்கள். அடுத்த தடவை கிளம்புவதற்கு முன் திறக்கும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் நாங்கள் போகிறோம். மகள் இந்தத் தடவை சாக்பீஸ் எடுத்து வருகிறாளாம், ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட. 700 வருஷக் கல்லில் எழுதக் கூடாது, நோட்டில் கோடு போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.